சாரல் விழட்டும் என்று சொன்னவள்

காளீஸ்வரி கித்தான் துணியில் கோணி ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். லாரிச் சரக்குக்கு மேல் போர்த்துகிற முரட்டுக் கித்தான். அதில் ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் வெட்டியெடுத்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடி வைத்துத் தைக்கிற வேலை. ஒவ்வொரு பிடிக்கும் நாலு வரிசைத் தையல். நோயாளியை நடுவில் கிடத்தி நாலு பேர் பிடித்தால் படகுக்குள் இறக்கிவிடலாம். ஸ்ட்ரெச்சர் வளைந்து கொடுக்காது, படகின் விளிம்பில் இடிக்கும். கித்தான் ஆளோடு சேர்ந்து வளையும். கட்டைவிரலில் தோல் உரிந்த இடத்தில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குத் தைத்தாள்.

டீயோடு வந்த ஹைருன் பீவி நின்று பார்த்தாள்.

“என்னக்கா, ஆளைத் தூக்கவா, அரிசி மூட்டையைத் தூக்கவா?”

“மூட்டைக்கு ரெண்டு தையல் போதும்ட்டி. இது உன் மாப்பிள்ளை. கீழ போட்டா நீ என்னைச் சும்மா விடுவியா?”

“போட்டுத்தான் பாருங்களேன். இருபத்தெட்டு வருசமா பிடிக்குள்ள சிக்காத ஆளு. இப்பத்தான் ஓடமாட்டாரு.”

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அவள் புருசன் யஹ்யாவின் உதட்டோரம் லேசாக இழுபட்டது. சிரிக்கிறார். கை, கால், கழுத்து, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போன பிறகும் சிரிப்புக்கென்று ஒரு சின்னத் தசை மிச்சமிருந்தது.

ஆனி முதல் வாரம். தென்காசியில் விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலத்துக்குப் போகிற கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தெருமுனையைத் தாண்டின. இன்னும் பதினோரு நாள். அன்றைக்கு ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் படகேறி, மணல் திட்டில் முட்டையிட்டிருக்கும் ஆலாப் பறவைகளை யஹ்யாவுக்குக் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கித்தான், இந்தத் தையல்.

காளீஸ்வரிக்குச் சொந்த ஊர் பண்பொழி. அறுபத்தொரு வயது. புருசன் செங்கோட்டை மரமில்லில் வேலை பார்த்தவன். தடி உருண்டு முதுகெலும்பு முறிந்து எட்டு வருசம் படுக்கையில் கிடந்தான். படுத்த உடம்பை எப்படிப் புரட்டுவது, புண் வராமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் அவள் முதலில் படித்தது அந்த உடம்பில்தான். அவன் போன பிறகு புனலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் முறையாகப் பயிற்சி எடுத்தாள். அப்புறம் பதினேழு வருசம் மலைக்கு அந்தப் பக்கம் வீடு வீடாக ஹோம் நர்ஸ் வேலை. முழங்கால் வலி வந்ததும் தென்காசிக்கே திரும்பிவிட்டாள். எத்தனை பேரைக் கடைசி வரை பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எண்ணி வைத்துக்கொள்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. படுக்கையில் கிடப்பவரிடம் பொய் சொல்வதில்லை என்பது மட்டும் அவளாக வைத்துக்கொண்ட சட்டம். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்பாள்.

யஹ்யாவிடம் வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. ஐம்பத்து நாலு வயது மனுசன். குவைத்தில் ஒரு கம்பெனிப் படகில் எஞ்சின் பார்க்கிற வேலை, பத்தொன்பது வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை வருவார், ரெண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். ஊரோடு வந்துவிட்டேன் என்று அவர் சொன்ன வருசமே சட்டைப் பொத்தானைப் போட விரல் மறுத்தது. திருநெல்வேலியில் பார்த்து, மதுரையில் பார்த்து, நரம்பு சாகிற வியாதி என்றார்கள். மருந்து கிடையாது. அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதை ஹைருன் நல்ல செய்தி என்று நினைத்தாள். காளீஸ்வரி அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பத்தொன்பது வருசத்தைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது ஒரே ஒரு கதைதான். ஒரு கோடையில் எஞ்சின் மக்கர் பண்ணி, ஆளில்லாத மணல் தீவு ஒன்றின் ஓரமாக ரெண்டு நாள் நங்கூரம் போட்டுக் கிடந்திருக்கிறார்கள். தீவு முழுக்க ஆலா. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் போலப் பிளந்த வால். கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் மணலில் முட்டை. ஐம்பது டிகிரி வெயில். தாய்ப்பறவை கடலுக்குப் போய் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நிற்குமாம். அது காய்ந்ததும் ஆண் பறவை நனைந்து வந்து மாற்றுமாம். பகல் முழுக்க இப்படியே.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஹைருன் ஒன்று சொல்வாள். “நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் இந்த மனுசன் ஊர்ல இல்ல. குருவி பிரசவத்தை மட்டும் ரெண்டு நாள் நின்னு பாத்திருக்காரு.”

போன தை மாதம், பேச்சு குழறத் தொடங்கியிருந்த நேரம், யஹ்யா கேட்டது ஒன்றுதான். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

கத்தாரில் வேலை பார்க்கிற மகன் முகம்மது சலீம் போனில் தேடிக் கண்டுபிடித்தான். குவைத் வரை போக வேண்டாம். நம் கடலிலேயே, ராமேஸ்வரத்துக்கு அப்பால் மணல் திட்டுகளில் ஆலா முட்டையிடுகிறது. மசூது என்று ஒரு படகுக்காரரின் நம்பரையும் பிடித்து அனுப்பினான். அந்தப் படகுக்காரரிடம் பேசும் பொறுப்பைக் காளீஸ்வரி எடுத்துக்கொண்டாள். நோயாளியைத் தூக்கிப் போகப் போவது அவள்தானே.

பங்குனிக் கடைசியில் அவள் பேசினாள்.

“சித்திரை பாதியில வாங்கம்மா,” என்றார் மசூது. “முட்டையும் இருக்கும், குஞ்சும் இருக்கும். திட்டுல இறங்க விடமாட்டாக. படகைத் தள்ளி நிறுத்தினாலே தெளிவாத் தெரியும். விடியக்காலம் எறங்கினா ஒம்பது மணிக்குள்ள கரையில விட்டுருவேன்.”

“சித்திரையா? கத்திரி வெயில்ல படுத்த ஆளைக் கொண்டுவர முடியுமா? ஆனியில வந்தா என்ன?”

மசூது இழுத்தார்.

“ஆனியில காத்து இருக்கும்மா.”

“காத்து இருந்தா நல்லதுதானே. குளுகுளுன்னு கொண்டாந்துருவேன்.”

“உங்க சவுரியம். வாறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க.”

தென்காசியில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அந்த ஊரில் எல்லாக் காரியமும் சாரலுக்குத்தான் காத்திருக்கும். கல்யாணம் ஆகிப் போன பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். வளைகுடாவில் இருக்கும் ஆண்கள் ஆனி, ஆடிக்கு லீவு கிடைக்காவிட்டால் அதை லீவாகவே மதிப்பதில்லை. ஆப்பரேசன் பண்ணிக்கொள்கிறவர்கள்கூட, அவசரமில்லை என்றால், புண் ஆற இதம் என்று சாரல் விழுகிற மாதமாகப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஆனி வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும், மேகம் வரும், உடம்பு குளிரும். உலகம் பூராவும் அந்த நாளில் அப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பு அவளுக்கும் இருந்தது. கேரளத்தில் பதினேழு வருசம் இருந்தும் கடலோரத்தில் ஒரு வீட்டில்கூட அவள் வேலை பார்த்ததில்லை.

சலீம் போனில் காளீஸ்வரியிடம் கேட்டான். “பெரியம்மா, மே மாசம் பத்து நாள் லீவு கேட்டுப் பாக்கட்டா? கெடைக்கும்ன்னு நெனைக்கேன்.”

“வேண்டாம்லே. இந்த வெயில்ல உங்க வாப்பாவைத் தூக்கிட்டுப் போனா பாதி வழியில உசுரு நின்னுரும். சாரல் விழட்டும். நீ ஆனியில முழு லீவா வா.”

யஹ்யா கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பேச்சு முழுதாகப் போயிருக்கவில்லை. “மே,” என்றார். காளீஸ்வரி பக்கத்தில் போய்க் குனிந்து, “வெயில் தாங்காது, பாய்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்கினாள். படகில் குறைந்தது ரெண்டு மணி நேரம் சாய்ந்தாவது உட்கார வேண்டுமே. எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். சித்திரையில் ஐம்பது நிமிசம். சாய்வாக முட்டுக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஓடியது. வைகாசி தொடக்கத்தில் முப்பத்தைந்து. கத்திரி முடிந்தபோது இருபது. கழுத்து முன்னால் விழத் தொடங்கியது. பேச்சும் போய்விட்டது. சரி என்றால் புருவத்தைத் தூக்குவார், வேண்டாம் என்றால் கண்ணை மூடுவார் என்று பழக்கப்படுத்திக்கொண்டார்கள்.

நோட்டைப் பார்த்தால் கணக்கு யாருக்கும் புரியும். அவளுக்கும் புரிந்தது. வெயில் கொல்லும் என்று அவள் சொன்னது சரிதான். ஆனால் நாளும் கொன்றுகொண்டிருந்தது. வைகாசி பத்தாம் தேதிவாக்கில், ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் கொண்டுபோய் விடியக்காலமே படகேற்றிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. படகுக்காரர் சொன்னதும் அதுதானே, ஒன்பது மணிக்குள் கரை. வெயில் ஏறும் முன் முடிந்துவிடும். போனைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு வெயில் நூற்றுநாலு என்று ஹைருன் டிவியைப் பார்த்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். இன்னும் இருபத்தைந்து நாள்தானே, சாரல் விழுந்துவிடும்.

வைகாசிக் கடைசியில் கஞ்சி புரையேறி உதடு நீலம் பாரித்துப் போனது. குப்புறச் சாய்த்து முதுகில் தட்டி மீட்டாள். வந்து பார்த்த டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டும் என்றார். யஹ்யா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மறுபடி கேட்டார். மூடிய கண் மூடியபடியே இருந்தது.

“படகுல போயிட்டு வந்து போட்டுக்கிடலாம் டாக்டர்,” என்றாள் காளீஸ்வரி. “அதுவரைக்கும் நான் கெட்டியாக் கலக்கி ஸ்பூன்ல குடுக்கேன்.”

யஹ்யாவின் புருவம் ஏறியது.

ஒரு கோப்பை கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆனது. கொடுத்தாள்.

சலீம் வந்து இறங்கிய அன்று சாரல் அடை மழையாகப் பெய்தது. ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். பையன் கத்தாரிலிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்திருந்தான். அதை வாப்பாவின் கண்ணில் வைத்து, எதிர் வீட்டு மொட்டைமாடிப் புறாவைக் காட்டிப் பழக்கினான். “தெரியுதா வாப்பா?” புருவம் ஏறியது. “ஒத்தப் புறாவுக்கே இப்படிப் பாக்காரே. ஆயிரம் ஆலாவைப் பாத்தா என்ன ஆவாரோ,” என்று ஹைருன் சிரித்தாள். கித்தானில் கிடத்தி வீட்டுக்குள்ளேயே ரெண்டு தடவை தூக்கி நடந்து ஒத்திகை பார்த்தார்கள். சாய்ந்து உட்காருவது பத்து நிமிசத்துக்கு வந்திருந்தது. படகில் படுக்கவைத்து, தலைக்கு மட்டும் உயரம் கொடுத்துவிடலாம் என்று காளீஸ்வரி முடிவு பண்ணிக்கொண்டாள்.

பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னால், மத்தியானம், படகுக்காரருக்குப் போன் போட்டாள்.

“நாளை மறுநாள் விடியக்காலம் வாறோம், மசூது. சொன்னபடி படகு ரெடியா இருக்குமா?”

“யாரும்மா? தென்காசியா? அம்மா, இதக் கேளுங்க.”

போனை வெளியே நீட்டியிருப்பார் போல. ஓவென்று ஒரு இரைச்சல், தகரம் அடித்துக்கொள்கிற சத்தம்.

“பத்து நாளா ஒருத்தன் எறங்கல. கச்சான் காத்து. உங்க மலையில மழையக் கொட்டிட்டு இங்கிட்டு வெறுங்காத்தா வந்து கடலைக் கெளப்புது. அங்க அருவி விழுந்தா இங்க படகு கரையில கெடக்கும். எங்க ஊர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும்மா.”

“எப்ப அடங்கும்?”

“ஆவணி கழியணும்.”

“அப்பப் பறவை இருக்குமா?”

“இப்பவே இல்லையே. குஞ்செல்லாம் பறக்கப் படிச்சுப் போயிருச்சு. திட்டுல பாதி தண்ணிக்குள்ள. அதுக்குத்தான் சித்திரையில வாங்கன்னேன்.”

“நீ அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருக்கலாம்தான்,” என்றார் மசூது. “நீங்க நோயாளியப் பத்தி அவ்வளவு உறுதியாப் பேசுனீக. சீக்காளு விசயம் உங்களுக்குத்தான் தெரியும்னு விட்டுட்டேன்.”

அதில் அவள் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஹைருனிடமும் சலீமிடமும் சொன்னாள். சலீம் சுவரில் சாய்ந்து நின்றான். மே மாதம் வருகிறேன் என்றானே, அதை அவன் எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

“அவருகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்க்கா,” என்றாள் ஹைருன். “அடுத்த வாரம்ன்னு சொல்லுவோம். அப்புறம் அடுத்த வாரம்ன்னு சொல்லுவோம்.”

“எத்தனை வாரம் சொல்லுவ?”

“முடியுத வரைக்கும்.”

“உன்னால முடியும். என்னால முடியாதுட்டி.”

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாதவரிடம் பக்கவாட்டில் இருந்து பேசக்கூடாது.

“பாய், கடல்ல காத்து ஏறிருச்சு. படகு போவாது. ஆலாவும் போயிருச்சு. சித்திரையில வரச் சொன்னாரு அந்த மனுசர். வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போட்டது நான். சலீம் வாறேன்னான், வேண்டாம்ன்னதும் நான். நீங்களும் மே மாசம்ன்னு சொன்னீக, நான் கேக்கல.”

அடுத்த சித்திரை என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்ததைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

“என் தப்புதான்.”

யஹ்யா அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் புருவத்தைத் தூக்கினார். ஆமாம்.

பதினேழு வருசத்தில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். சோற்றைத் துப்பியிருக்கிறார்கள், நகத்தால் கீறியிருக்கிறார்கள். எல்லாவற்றையும், பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்வதுபோல, சாரமில்லே என்று தள்ளிவிட்டுப் போகிறவள்தான் அவள். இந்த ஆமாமைத் தள்ள முடியவில்லை. எழுந்து போய் அவருக்குக் கெட்டிப்பொடி போட்டுத் தண்ணீர் கலக்கினாள். ஸ்பூனை நீட்டினாள். கண் மூடியிருந்தது.

அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. நாக்கு ஒட்டாமல் இருக்க நனைத்த துணியால் உதட்டையும் ஈறையும் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை.

சலீமுக்கு வெறுமனே உட்கார முடியவில்லை. வாடகைக்குப் பிடித்த வேன் இருக்கிறது, கித்தான் இருக்கிறது, லீவு இருக்கிறது. மறுநாள் காலையில், “அருவியாவது பாக்கட்டும் பெரியம்மா. தண்ணி நல்லா விழுது,” என்றான்.

“அவரு அருவியக் கேக்கலியேலே.”

“வேற என்னதான் செய்யச் சொல்லுதீக?”

அவள் யஹ்யாவைக் கேட்டாள். அவர் கண்ணை மூடவும் இல்லை, புருவத்தைத் தூக்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் முகத்துக்காக அவள் சரி என்றாள். அதுவும் தப்பு.

குற்றாலத்தில் வேனை நிறுத்தவே அரை மணி நேரம் ஆனது. பெரிய அருவி தெரிகிற ஓர் இடமாகப் பார்த்துப் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். எண்ணெய் பூசிய உடம்புகள், ஈரத் துண்டுகள், பஜ்ஜிப் புகை, வழிவிடச் சொல்லிக் கத்துகிற போலீஸ்காரர். அதற்கெல்லாம் பின்னால் அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

ஈரத் தலையோடு ஒருவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சிக்கு என்ன செய்யுது? வாதமா? எண்ணெயத் தேச்சு அருவிக்கடியில பத்து நிமிசம் காட்டுங்க. எந்திரிச்சு நடப்பாரு.”

“நீங்க மொதல்ல தலையத் துவட்டுங்க அண்ணாச்சி,” என்றாள் ஹைருன். “உங்களையும் இதுல ஏத்த எடமில்ல.”

யஹ்யா சிரிக்கவில்லை. அந்தச் சின்னத் தசை அசையவே இல்லை.

“வாப்பா, அருவியப் பாருங்க,” என்றான் சலீம். பைனாகுலரை எடுத்து, தேவையே இல்லாமல், கண்ணருகே கொண்டுபோனான். யஹ்யா கண்ணை மூடிக்கொண்டார். “வாப்பா.” கண் திறக்கவில்லை. சாரல் வேனுக்குள் அடித்து அவர் முகத்தை நனைத்தது. காளீஸ்வரி துடைத்தாள். நனைந்தது. துடைத்தாள். குளிர்ச்சி, இதம் என்று எதை நம்பி ரெண்டு மாதம் காத்திருந்தாளோ, அது அவர் நெற்றியில் ஓடிக் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பின்கதவைச் சாத்தச் சொன்னாள்.

திரும்பும் வழியில், இலஞ்சி தாண்டும்போது, சொந்த எச்சிலே அவருக்குப் புரையேறியது. வேனை ஓரங்கட்டி, ஒருக்களித்துப் போட்டு, விரலால் வாயை வழித்து எடுத்தாள். மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. சலீம் ரோட்டோரம் இறங்கி நின்று அழுதான். ஹைருன் அவனைப் பார்த்து, “அழுறதுன்னா வீட்டுல போய் அழு. வண்டிக்குள்ள ஏறு,” என்றாள்.

சாயங்காலம் காளீஸ்வரி டாக்டருக்குப் போன் பண்ணினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சு சிஸ்டர் குழாயும் ஜெல்லியும் சிரிஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தாள். காளீஸ்வரி யஹ்யாவின் தலைமாட்டை உயர்த்தி, அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

“குழாய் போடட்டுமா, பாய்? போடும்போது குமட்டும். மூக்கு எரியும்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சு அவளைப் பார்த்தாள். “சரிங்காரா?”

“பொறு.” மறுபடி கேட்டாள். “போடட்டுமா?”

புருவம் ஏறியது. இதுவரை கேட்டபோதெல்லாம் மூடிய கண், இந்தத் தடவை திறந்தே இருந்தது.

மஞ்சு மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து நெஞ்செலும்புக்குக் கீழேயும் அளந்து, குழாயில் அடையாளம் வைத்தாள். காளீஸ்வரி தலையைப் பிடித்துத் தாடையை நெஞ்சுப் பக்கமாகச் சாய்த்தாள். முதல் தடவை இருமலில் வெளியே வந்துவிட்டது. ரெண்டாம் தடவை இறங்கியது. சிரிஞ்சால் இழுத்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று மஞ்சு சொன்னதும், கன்னத்தைத் துடைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். ஹைருன் கேப்பைக் கஞ்சியை ரெண்டு தரம் வடிகட்டிக் கொண்டுவந்தாள். இருநூறு மில்லி. காளீஸ்வரி சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, அவசரப்படாமல் இறங்கவிட்டாள். பதினைந்து நிமிசத்தில் முடிந்தது. குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவி மூடினாள். அரை மணி நேரம் தலையை உயர்த்தியே வைத்திருந்துவிட்டு, தலையணையைக் கொஞ்சம் தாழ்த்தி, அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள்.